பேப்பூரில் மரக்கப்பல் மட்டும் எப்படி மிஞ்சியது?

கோழிக்கோட்டுக்குப் போகிறவர்கள் மிட்டாய்த் தெரு, கடற்கரை, பிரியாணி என்று முடித்துவிட்டு, சாயங்காலம் நேரம் இருந்தால் பேப்பூர் பக்கம் ஒரு எட்டு போய்வருவார்கள். தெற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல் தடுப்பின் மேல் (உள்ளூரில் புலிமுட்டு என்பார்கள்) நடந்து, சூரியன் மறைவதைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் சாலியாற்றின் கரையில், தென்னந்தோப்புக்கு நடுவே, மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு மரக்கப்பல் பாதி கட்டிய நிலையில் நிற்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. விஷயம் தெரிந்து தேடிப் போகிறவர்களிலும் சிலர் காலியாகக் கிடக்கும் கொட்டகையைப் பார்த்துவிட்டு “அங்கே ஒன்றுமே இல்லையே” என்று ஏமாந்து வருவார்கள். கப்பல் இருப்பதும் இல்லாததும் தற்செயல் இல்லை, அதற்குப் பின்னால் ஒரு நீண்ட பொருளாதாரக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த ஊரே வேறு மாதிரி தெரியும்.

பேப்பூரில் கட்டும் மரக்கப்பலுக்கு உரு என்று பெயர். நூறு அடி, நூற்றைம்பது அடி நீளம் என்பதெல்லாம் சாதாரணம். அரபு நாட்டுக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கும் கப்பல் இது.

இந்த ஊரின் வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. பேப்பூரைப் பெரிய இடமாக மாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் ஏராளம், அவர்கள் கொண்டுவந்த எதுவும் நிலைக்கவில்லை. போர்த்துக்கீசியர்கள் 1531இல் ஆற்றின் எதிர்க்கரையில், சாலியத்தில், ஒரு கோட்டை கட்டினார்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படை 1571இல் அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. திப்பு சுல்தான் பேப்பூருக்குச் சுல்தான் பட்டணம் என்று பெயர் வைத்தார், 1788இல் மலபாரின் தலைநகரத்தையே கோழிக்கோட்டிலிருந்து ஆற்றில் கொஞ்சம் மேலே இருக்கும் பெரோக்குக்கு மாற்ற முடிவு செய்து கோட்டை வேலையையும் ஆரம்பித்தார். நாலு வருஷத்தில், 1792இல், மலபாரே அவர் கையை விட்டுப் போய்விட்டது. அப்புறம் ஆங்கிலேயர் காலம். 1797இல் மர அறுவை ஆலை வந்தது, 1805இல் பாய்மரத்துக்கான துணி நெய்யும் ஆலை வந்தது, பிறகு இரும்பு உருக்கும் ஆலை வந்தது. இந்தக் கடைசி ஆலையை நடத்தியது, நம் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கிய அதே கம்பெனிதான். எல்லாம் வந்த வேகத்தில் போயின.

எல்லாவற்றையும் விடப் பெரிய வாய்ப்பு ரயில். இன்றைய கேரளத்தின் முதல் ரயில் 1861 மார்ச் 12ஆம் தேதி திரூருக்கும் பேப்பூருக்கும் இடையில்தான் ஓடியது. அடுத்த வருஷமே போத்தனூர் வழியாகச் சென்னையோடு இணைப்பு வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், சென்னையில் ரயில் ஏறினால் மேற்குக் கடலோரத்தில் கடைசி ஸ்டேஷன் பேப்பூர்! பெயர் பேப்பூர் என்றாலும் ஸ்டேஷன் இருந்தது எதிர்க்கரையில் சாலியத்தில்தான், ஏனென்றால் சாலியாற்றைத் தாண்டப் பாலம் இல்லை. சென்னை மாகாணத்தின் மேற்கு வாசலாக இந்த ஊர் வளர்ந்திருக்கலாம். ஆனால் ஆற்று முகத்தில் மணல் திட்டு, பெரிய நீராவிக் கப்பல் உள்ளே வர ஆழம் போதாது. பெரோக்கில் பாலம் கட்டி 1888இல் ரயில் கோழிக்கோட்டுக்கே போனதும், சாலியத்துக்கு வந்த கிளைப்பாதைக்கு வேலை இல்லாமல் போய் அது கைவிடப்பட்டது. இன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் பெரோக்கில் அந்த ஆற்றை ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுகிறோம், கீழே கடல் பக்கம் இருக்கும் ஊர்தான் ஒரு காலத்தில் கடைசி ஸ்டேஷனாக இருந்தது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கோட்டை போனது, தலைநகரக் கனவு போனது, ஆலைகள் போயின, ரயிலும் போனது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்து அங்கே நடந்துகொண்டிருந்த உரு கட்டும் தொழில் மட்டும் போகவில்லை. ஏன்?

மரபு, பாரம்பரியம், தலைமுறைப் பற்று என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பற்றை வைத்து மட்டும் எந்தத் தொழிலும் இத்தனை நூற்றாண்டு ஓடாது. நான் பார்க்கிற காரணம் வேறு. உரு கட்ட நிலையான முதலீடு என்று எதுவுமே தேவையில்லை. கான்கிரீட் உலர்துறை வேண்டாம், கிரேன் வேண்டாம், ஆழமான துறைமுகம் வேண்டாம். சரிவான ஆற்றங்கரை, ஏறி இறங்கும் கடல் ஓதம், வெயிலுக்கும் மழைக்கும் ஓலைக் கூரை, மரம், ஆட்கள், இவ்வளவுதான். ஆர்டர் வந்தால் கரையில் கொட்டகை எழும், கப்பல் போனதும் கொட்டகையும் போய்விடும். நஷ்டத்தில் ஓட்டியாக வேண்டிய ஆலை என்று ஒன்று இல்லாததால், தொழில் திவாலாகவும் வழியில்லை. வேலை இல்லாத வருஷங்களில் தச்சர்கள் வீடு கட்டப் போவார்கள், கதவு ஜன்னல் செய்வார்கள், மறுபடி அழைப்பு வந்தால் உளியைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். பெரிய கப்பலை விரட்டிய அந்த மணல் திட்டும் ஆழமின்மையும் உருவுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை, ஓதம் ஏறும் நேரம் பார்த்து வெளியே கொண்டுபோய்விடலாம்.

இந்த லேசான தன்மைதான் அதன் பலம். அதுவேதான் இன்று அதன் ஆபத்தும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஆறு.

சாலியாறு 169 கிலோமீட்டர் நீளம். நீலகிரி, வயநாட்டு மலைகளின் மேற்குச் சரிவுகளிலிருந்து வரும் தண்ணீர் இதில் சேர்கிறது. நம் கூடலூர்ப் பக்கம் ஓடும் பாண்டியாறு கடைசியில் கலப்பதும் இந்த ஆற்றில்தான். மலையிலிருந்து இறங்கி நிலம்பூர்க் காடுகளைத் தொட்டுக்கொண்டு, அரீக்கோடு, மாவூர், பெரோக்கு வழியாகப் பேப்பூரில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் மேல் முனையில் உலகத்தின் மிக நல்ல தேக்கு, கீழ் முனையில் அரபிக்கடல். லாரியும் சாலையும் இல்லாத காலத்தில் இருபது அடி முப்பது அடி மரத்துண்டைக் காட்டிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவர ஆற்றை விட்டால் வேறு வழி கிடையாது. மரங்களைக் கட்டித் தெப்பமாக மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். பச்சைத் தேக்கு கனமானது, சரியாக மிதக்காது, நன்றாகக் காய்ந்த மரம்தான் ஆற்றில் வரும், கப்பலுக்கும் காய்ந்த மரம்தான் வேண்டும். இப்படி வந்த மரத்தில் பெரும்பங்கு கோழிக்கோட்டுக்கும் பேப்பூருக்கும் நடுவே இருக்கும் கல்லாயியில் குவிந்தது. ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய மரச் சந்தைகளில் ஒன்று என்று கல்லாயிக்குப் பெயர்.

கப்பலுக்குத் தேக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, அதனால் தண்ணீர் எளிதில் ஊறாது, கறையானும் கடற்புழுவும் சட்டென்று அண்டாது, வெயில் மழையில் மாறி மாறிக் கிடந்தாலும் அதிகம் விரிந்து சுருங்காது. இன்னொன்று, ஐரோப்பியர்கள் கப்பல் கட்டிய ஓக் மரத்தில் ஒரு அமிலம் உண்டு, அது உள்ளே அடித்த இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கு அப்படிச் செய்யாது, ஆணி பல காலம் துருப்பிடிக்காமல் இருக்கும். பிரிட்டிஷ் கடற்படைக்கு மலபார் தேக்கின் மேல் கண் விழுந்ததற்கு இதுதான் காரணம். பம்பாயில் மலபார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல், இருநூறு வருஷம் தாண்டி இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. மரத்தின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வளவு வெட்டினால் காடு தாங்குமா, தாங்கவில்லை. அதனால்தான் 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கொனோலி, சாத்து மேனன் என்ற அதிகாரியின் உழைப்போடு நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்கும் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பழைய தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் கொனோலி தோட்டம் என்ற பெயரில் ஆற்றங்கரையில் நிற்கிறது. வெட்டுவதற்கு அறுபது எண்பது வருஷம் ஆகும் மரத்தை நட்டார்கள், அதாவது பேரன் காலத்துக் கப்பலுக்கு. ஆனால் அந்த மரங்கள் முதிர்வதற்குள் உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது.

சரி, இனிக் கொட்டகைக்குள் போகலாம்.

உரு கட்டுவதைப் பற்றிக் கேள்விப்படுகிற எல்லோரும் முதலில் வியப்பது, வரைபடம் கிடையாது என்பதில்தான். காகிதத்தில் எதுவும் வரைவதில்லை. நீளம், அகலம், எத்தனை டன் சுமை என்று வாங்குபவர் சொல்வார், மீதி எல்லாம் தலைமை மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும். அடிக்கட்டை, அதாவது கப்பலின் முதுகெலும்பாகக் கீழே நீளவாக்கில் போகும் பெரிய மரம், முதலில் வைக்கப்படும். அதற்குச் சடங்கு உண்டு, நல்ல நாள் பார்ப்பது உண்டு. பிறகு முன்பக்கம் அணியத்துக் கட்டை, பின்பக்கம் அமரத்துக் கட்டை.

அடுத்த கட்டம்தான் இந்தியப் பெருங்கடல் முழுக்க இருந்த பழைய முறையின் தனித்தன்மை. ஐரோப்பாவில் பெரிய கப்பல் என்றால் முதலில் விலாச்சட்டங்களை நிறுத்தி எலும்புக்கூட்டை முடித்துவிடுவார்கள், அதன் மேல் பலகையை அடிப்பார்கள். இங்கே தலைகீழ். பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளித்தோட்டை எழுப்பிக்கொண்டே போவார்கள், அந்தத் தோட்டின் வளைவுக்கு ஏற்ப விலாச்சட்டங்களைச் செதுக்கி உள்ளே பொருத்துவார்கள். எலும்புக்கூடு முதலில் இருந்தால் கப்பலின் வடிவத்தை அதுவே சொல்லிவிடும். தோடு முதலில் என்றால், ஒவ்வொரு பலகை எவ்வளவு வளைய வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைப் பலகை ஏறுகிற அந்த நேரத்தில் மேஸ்திரியின் கண்தான் முடிவு செய்ய வேண்டும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் விரற்கடை வித்தியாசம் வந்தாலும் கப்பல் நீரில் ஒருபக்கமாகச் சாயும். வராமல் கட்டுகிறார்கள், அதுவும் நூற்றைம்பது அடி நீளத்துக்கு.

தடித்த பலகையைச் சூடும் ஈரமும் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து இறுக்குவார்கள். முன்காலத்தில் ஆணியே கிடையாது, பலகையில் துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். மார்க்கோ போலோ, இபன் பதூதா போன்ற பழைய பயணிகள் எல்லோரும் இந்தத் தைத்த கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் வந்த பிறகு ஆணி பரவலானது. தைத்த கப்பல் பெருங்கடலைத் தாங்குமா என்ற சந்தேகத்தை 1980இல் ஒரு கப்பல் தீர்த்து வைத்தது: ஓமானில் உள்ள சூர் என்ற ஊரில், மலபாரிலிருந்து கொண்டுபோன மரத்தில், ஓர் ஆணி கூட இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய சோஹார் என்ற பாய்மரக் கப்பல் மஸ்கட்டிலிருந்து கிளம்பி அடுத்த வருஷம் சீனாவின் கான்டன் துறைமுகத்தைத் தொட்டது. சூரில் கப்பல் கட்ட மரம் கிடையாது, பாலைவனம். குவைத்திலும் அப்படித்தான். வளைகுடாவின் கப்பல் ஊர்கள் எல்லாம் மலபார் மரத்தை நம்பியே இருந்தன. மரத்தை ஏற்றிக்கொண்டுபோய் அங்கே கட்டுவது ஒரு வழி, மரம் இருக்கிற இடத்திலேயே கட்டி வாங்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் வளர்ந்த ஊர்தான் பேப்பூர்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறுக்குவதைக் கலப்பத்து அடிப்பது என்று நம் கடற்கரையிலும் சொல்வார்கள். பார்க்க மிகச் சாதாரண வேலை. ஆனால் கப்பல் மிதப்பதும் மூழ்குவதும் இதில்தான் இருக்கிறது. மரம் நீரில் ஊறி விரியும்போது திரி இன்னும் இறுகி நீர் புகாத மூட்டாகிவிடும். கடைசியாக எண்ணெய்ப் பூச்சு, முன்பெல்லாம் சுறா எண்ணெய். ஒரு உருவை முடிக்க ஒன்றரை இரண்டு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

இப்போது ஒரு கேள்வி. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இந்தப் பொருள் கரையில் நிற்கிறது. கிரேன் கிடையாது. எப்படி நீருக்குள் போகும்?

இங்கேதான் கலாசிகள் வருகிறார்கள். பேப்பூரின் கதையைச் சொல்கிறவர்கள் தச்சர்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு இவர்களை ஒரு வரியில் முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். கட்டுவது ஒரு கலை என்றால் நகர்த்துவது அதற்குச் சமமான இன்னொரு கலை. கலாசிகள் பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்கள் (மலபாரின் முஸ்லிம் சமூகம்), இதுவும் தலைமுறை தலைமுறையாக வந்த வேலைதான். அவர்களிடம் இருப்பது கயிறு, கப்பி, உருளைக் கட்டை, மனிதர்கள் சுற்றி நின்று தள்ளிச் சுழற்றும் மர ராட்டு, அவ்வளவே. கப்பி எத்தனை, கயிறு எந்தக் கோணத்தில் போக வேண்டும், எந்த இடத்தில் கட்டினால் கப்பலின் உடம்பில் விரிசல் விழாது, ஓதம் எந்த நாழிகையில் உச்சத்துக்கு வரும், இதெல்லாம் கலாசிகளின் தலைவனான மூப்பனின் கணக்கு. ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொல்லி அந்த நொடியில் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். நம் மீனவர்களின் ஐலசாவும் இதே வேலையைத்தான் செய்கிறது: ஐம்பது பேரின் பலம் ஐம்பது வெவ்வேறு நொடியில் விழுந்தால் எதுவும் அசையாது, ஒரே நொடியில் விழுந்தால் கப்பல் அசையும். அங்குலம் அங்குலமாகப் பல நாள் இழுத்து ஆற்றுக்குக் கொண்டுவருவார்கள்.

1988 ஜூலை 8ஆம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சேற்றில் புதைந்த ரயில் பெட்டிகளை வெளியே எடுக்க இயந்திரங்கள் திணறியபோது, பேப்பூர்க் கலாசிகளைத்தான் அழைத்தார்கள். அவர்கள் கயிறும் கப்பியுமாக வந்து இழுத்துக் கொடுத்தார்கள். அந்த அறிவின் மதிப்பு என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வாங்குகிறவர்கள் பக்கத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் உருவின் விதி இப்போது அங்கேதான் எழுதப்படுகிறது. மலபாருக்கும் வளைகுடாவுக்கும் இருந்த நெருக்கம் இன்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். 1960கள் வரை வளைகுடா நாடுகள் பலவற்றில் புழங்கிய பணமே ரூபாய்தான், அவர்களுக்காகவே 1959இல் ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. பேரீச்சம்பழம் இங்கே வரும், அரிசியும் மிளகும் மரமும் கயிறும் அங்கே போகும், எல்லாம் மரக்கப்பலில். பிறகு எண்ணெய் வந்தது, பணம் வந்தது, இரும்புக் கப்பலும் கன்டெய்னரும் வந்தன. சரக்கு ஏற்ற உரு தேவைப்படாமல் போயிற்று. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதே எண்ணெய்ப் பணம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. தாத்தா காலத்துக் கப்பலை வைத்திருப்பது அங்கே செல்வந்தர்களுக்குப் பெருமையாக ஆனது. அரச குடும்பத்தினரும் பெரும் பணக்காரர்களும் உல்லாசப் படகாக, மிதக்கும் உணவகமாக உரு கேட்க ஆரம்பித்தார்கள். பாய்மரத்துக்குப் பதில் டீசல் இன்ஜின் பொருத்துவார்கள். பெரும்பாலும் மர உடம்பை மட்டும் பேப்பூரில் கட்டி, கடல் வழியாக இழுத்துக்கொண்டுபோய், இன்ஜினும் ஏசியும் உள் அலங்காரமும் துபாயிலோ கத்தாரிலோ செய்துகொள்கிறார்கள். சரக்குக் கப்பல் வாங்குகிறவர் எப்போதும் வாங்குவார், ஏனென்றால் வியாபாரம் ஓட வேண்டும். உல்லாசக் கப்பல் வாங்குகிறவர் தோன்றினால் வாங்குவார். பேப்பூரில் நீங்கள் போகும் நாளில் கப்பல் இருக்கிறதா, கொட்டகை காலியா என்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவருக்கு ஆசை வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது.

முன்னால் சொன்ன ஆபத்து இங்கேதான். ஆலையும் இல்லை, ஆவணமும் இல்லை, நிறுவனமும் இல்லை என்பது நெடுங்காலம் தொழிலைக் காப்பாற்றியது. வேலை அடிக்கடி வரும் வரைக்கும் அது சரி. ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவே பல வருஷம் இடைவெளி விழுந்தால், கற்றுக்கொள்ள வேண்டிய பையன் எங்கே நின்று கற்றுக்கொள்வான்? தோடு எழும்பும்போது மேஸ்திரியின் பக்கத்தில் நிற்காமல் இந்த வேலை வராது. வீட்டுத் தச்சு வேலையில் தினமும் கூலி நிச்சயம், வளைகுடாவுக்கே போனால் இன்னும் அதிகம். எந்தத் தகப்பன் மகனை உரு வேலைக்கு அனுப்புவார்? மரமும் முன்போல இல்லை. காட்டு மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன, வரவும் வேண்டும். நல்ல தேக்கின் விலை ஏறிவிட்டது, மலேசியாவிலிருந்து இறக்குமதி செய்த மரத்தைப் பல இடங்களில் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஆற்றில் தெப்பமாக வந்த மரம் இப்போது கப்பலில் வந்து லாரியில் ஏறி வருகிறது. மரத்துக்கு மாற்று கிடைத்துவிடும், மேஸ்திரிக்குக் கிடைக்காது.

இதற்கு நடுவே மாதிரி உரு செய்யும் தொழில் நன்றாக வளர்ந்திருக்கிறது. மேசை மேல் வைக்கும் சிறிய மரக்கப்பல்கள், 2022இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது நினைவுப் பொருளாக நிறையப் போயின. பல குடும்பங்களுக்குச் சோறு போடும் வேலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதிரி செய்யும் கையும் நூறடிக் கப்பலின் பலகையை வளைக்கும் கையும் ஒன்றில்லை. கலாசிக்கோ மாதிரிக் கப்பலில் வேலையே இல்லை. 2021 டிசம்பரிலிருந்து பேப்பூரில் நீர் விளையாட்டுத் திருவிழா நடத்துகிறார்கள், கூட்டம் அள்ளுகிறது. அந்தக் கூட்டத்துக்காகவே ஆற்றில் ஓட ஒரு முழு அளவு உருவை அரசே ஆர்டர் கொடுத்தால் என்ன என்பது என் ஆசை. ஒரு கப்பல் கட்டினால் இரண்டு வருஷத்துக்குப் பத்துப் பையன்கள் மேஸ்திரி பக்கத்தில் நிற்பார்கள். கண்காட்சிக் கூடம் கட்டும் செலவில் ஒரு பகுதி போதும். தொழில் கற்பிக்கும் வகுப்பு நடத்துகிறோம் என்று சொல்லிவிட்டு, கட்டுவதற்குக் கப்பல் கொடுக்காமல் விட்டால் அதில் பிரயோஜனம் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோழிக்கோட்டிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, ரயிலில் வந்தால் பெரோக்கிலும் இறங்கலாம், எல்லா ரயிலும் அங்கே நிற்காது. மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கிளம்புவதற்கு முன் கோழிக்கோட்டில் யாரிடமாவது இப்போது கரையில் உரு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கொட்டகைகள் தனியார் இடம், வேலை நடக்கும் இடம். கேட்டுவிட்டு உள்ளே போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே ஆணியும் சீவலும் கிடக்கும்.

உள்ளே போனதும் கப்பலின் முழு உருவத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அணியத்தின் நேர் எதிரே நின்று இரண்டு பக்கத்து வளைவையும் மாறி மாறிப் பாருங்கள், வரைபடம் இல்லாமல் இது எப்படிச் சமமாக வந்தது என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கும். பலகை மூட்டுகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஏறவிட்டால் விலாச்சட்டங்களைக் கவனியுங்கள்: ஒவ்வொன்றும் தன் இடத்து வளைவுக்காகத் தனியே செதுக்கப்பட்டது, வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) பட்ட தழும்பு அப்படியே தெரியும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடி எடுத்துச் சட்டமாக்குவார்கள், நேர் மரத்தை வளைவாக வெட்டினால் நார் அறுந்து பலம் போய்விடும் என்பதால். மலையாளமும் தமிழும் கலந்து பேசினால் போதும், பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். கலாசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

கரையில் கப்பல் இல்லை என்றாலும் நாள் வீணாகாது. பேப்பூர்த் துறைமுகத்துக்குப் போனால் லட்சத்தீவுகளுக்குச் சிமென்டும் காய்கறியும் ஆடும் மாடும் ஏற்றிக்கொண்டு போகும் படகுகளைப் பார்க்கலாம், உருவின் பழைய சரக்கு வாழ்க்கையின் மிச்சம் அதுதான். வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் ஜங்கார் ஓடிக்கொண்டிருந்தால் அதில் ஏறிச் சாலியம் போங்கள். போர்த்துக்கீசியக் கோட்டையும் முதல் ரயில் ஸ்டேஷனும் இருந்த கரை அது, பார்க்க இப்போது பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் அங்கிருந்து பேப்பூர்க் கரையைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் ஆற்றின் அகலமும், ஏன் இந்த முகத்துக்கு இத்தனை பேர் ஆசைப்பட்டார்கள் என்பதும் பிடிபடும். கோழிக்கோட்டுக்குத் திரும்பும்போது குற்றிச்சிறையில் மிஷ்கால் பள்ளிவாசலையும் பார்த்துவிடுங்கள். 14ஆம் நூற்றாண்டில் ஒரு அரபுக் கப்பல் முதலாளி கட்டியது, 1510இல் போர்த்துக்கீசியர்கள் தீ வைத்தார்கள், மறுபடி எழுப்பினார்கள். மினாரும் குவிமாடமும் இல்லாமல் அடுக்கடுக்காக ஓட்டுக் கூரையோடு நிற்கும் அதன் மேல் மாடிகளின் மர வேலையைப் பார்த்தால், இந்தக் கரையின் தச்சர்களுக்குக் கப்பலும் கட்டடமும் இரண்டு தனி உலகமாக இருக்கவில்லை என்பது தெரியும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் ஆற்றின் மேல் முனைக்கும் போய்வாருங்கள். ஷொரனூரிலிருந்து நிலம்பூருக்கு 66 கிலோமீட்டருக்கு ஒரு கிளைப்பாதை ஓடுகிறது. 1927இல் முக்கியமாக மரம் கொண்டுவரப் போட்ட பாதை, இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காகத் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய், 1954இல் மறுபடி போட்டார்கள். இரண்டு பக்கமும் தேக்கு நிழல், சிறிய சிறிய ஸ்டேஷன்கள். இறங்கினால் கொனோலி தோட்டமும் தேக்கு அருங்காட்சியகமும் பக்கத்தில்தான். பேப்பூரை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருவதுதான் நல்ல வரிசை, ஏனென்றால் ஒரு பலகை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கொட்டகையில் பார்த்த பிறகுதான் அந்த மரங்களின் உயரத்தைக் கண் அளக்க ஆரம்பிக்கும்.